நீர்மட்டம் வேறு, நீரோட்டம் வேறு

வணக்கம் ஐயா,

நாகப்பட்டினத்தில் பிறந்தவன். வேலை நிமித்தம் வட வேல்ஸின் பாங்கர் நகரில் வசிக்கிறேன். கோடை முழுவதும் ஏரியில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு பழகினேன். இப்போது பயிற்சியாளர், வேல்ஸ் கரைக்கும் ஆங்கில்சித் தீவுக்கும் நடுவிலுள்ள மெனாய் நீரிணைக்கு, அதிலும் இரண்டு பாலங்களுக்கு நடுவிலுள்ள ஸ்வெல்லீஸ் பகுதிக்கு, அழைத்துப்போவதாகச் சொல்கிறார். பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். கடல் ஆறாக ஓடுகிறது. எனக்கு வயது 46. தோளில் பெரிய வலு கிடையாது. 'கடல் முழுதும் ஏறி முடிந்த நேரத்தில் போ, தண்ணீர் அசையாமல் நிற்கும்' என்கிறார் நண்பர் ஒருவர். சரிதானா? சொந்தமாகக் கண்ணாடியிழைக் கயாக் ஒன்று வாங்கிவிட்டுத் தொடங்கலாமா?

ம.,
பாங்கர்

அன்புள்ள ம.,

நண்பரின் பேச்சை நம்பித் தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். நம் ஊர்க் கடலை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த மயக்கம் எளிதில் வரும். நாகப்பட்டினத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. மெனாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஆறு மீட்டருக்கும் மேல். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அத்தனை நீரும் ஓர் இடுக்கு வழியாக வந்தாக வேண்டும்.

அந்த இடுக்குக்கு இரண்டு வாய்கள் இருப்பதுதான் சிக்கல். கடல் ஏறத் தொடங்கும்போது நீர் முதலில் தென்மேற்கு வாயில், கார்னார்வன் பக்கம், நுழைந்து வடகிழக்காக ஓடுகிறது. அதே ஏற்றம் ஆங்கில்சித் தீவைச் சுற்றிக்கொண்டு சில மணி நேரம் கழித்து வடகிழக்கு வாயில், போமாரிஸ் பக்கமும், வந்து நுழைகிறது. அதன் கை ஓங்கியதும் ஓட்டம் தென்மேற்காகத் திரும்பிவிடுகிறது. மட்டமோ இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறது! ஆகவே ஸ்வெல்லீஸில் தண்ணீர் நிற்கும் வேளை, இங்கே நேரக் கணக்குக்கு அளவுகோலாகக் கொள்ளும் லிவர்பூல் துறைமுகத்தில் கடல் உச்சத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக வருகிறது. அதுவும் பெரு ஓத நாட்களில், அதாவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிக உயர ஏறி இறங்கும் நாட்களில், சில நிமிடங்களுக்குத்தான். நண்பர் சொன்ன நேரத்தில் போனால் ஓட்டம் வேகம் பிடித்திருக்கும்.

ஓத அட்டவணை மட்டத்தைத்தான் சொல்கிறது. ஓட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அதை அந்தந்த இடத்துக்கென்று எழுதப்பட்ட கடல்வழிக் கையேட்டிலும், அங்கேயே துடுப்புப் போட்டுப் பழகியவர்களிடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோள் வலுவைப் பற்றிக் கேட்டீர்கள். பெரு ஓதத்தில் ஸ்வெல்லீஸின் ஓட்டம் எட்டு நாட் (கடல் வேக அளவு) வரை போகும். அதாவது மணிக்கு ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். நல்ல பயிற்சியுள்ளவர் சலிக்காமல் துடுப்புப் போட்டால் மூன்று, நான்கு நாட் கிடைக்கும். இருபது வயதுப் பயில்வானுக்கும் இதே கணக்குதான். 1953 ஏப்ரலில் 'கான்வே' என்ற பழைய மரப் போர்க்கப்பலை, அப்போது அது மாலுமிப் பயிற்சிக் கப்பல், இழுவைக் கப்பல்கள் இதே வழியாக இழுத்துப்போயின. எதிரோட்டத்தை வெல்ல முடியவில்லை. கப்பல் கரையோரப் பாறையில் ஏறி, கடல் வற்றியதும் முதுகெலும்பு முறிந்துபோனது. இயந்திரங்களுக்கே அந்தக் கதி என்றால் நம் தோளைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது?

நீங்கள் கற்க வேண்டியது வேறு. முதலில், குறுக்கே கடப்பது. எதிர்க்கரையை நோக்கி நேராகப் படகை விட்டால் ஓட்டம் உங்களைக் கீழே கொண்டுபோய்விடும். முனையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, சிறிதளவு மட்டும் எதிர்க்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு துடுப்புப் போட்டால் படகு பக்கவாட்டில் நழுவிக் கரை சேரும். நழுவுகிறதா, அடித்துக்கொண்டு போகிறதா என்பதைத் தண்ணீரைப் பார்த்துச் சொல்ல முடியாது. எதிர்க்கரையில் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில் நிற்கும் இரண்டு பொருள்களை, ஒரு மரத்தையும் அதன் பின்னுள்ள புகைபோக்கியையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் ஓட்டம் உங்களை அடித்துக்கொண்டு போகிறது.

அடுத்தது சுழி. பாறைக்கும் பாலத் தூணுக்கும் பின்னே நீர் எதிர்த்திசையில் திரும்பி ஓடும். அதுதான் நீங்கள் மூச்சு வாங்கும் இடம். ஆனால் அதற்கும் ஓட்டத்துக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில்தான் பெரும்பாலோர் கவிழ்கிறார்கள். சைக்கிள் திருப்பும்போது வளைவின் உட்பக்கம் சாய்வோமே, அப்படிச் சாய வேண்டும். பயந்து வெளிப்பக்கம் சாய்ந்தால், ஓடும் நீர் படகின் மேல்விளிம்பில் ஏறி ஒரு நொடியில் புரட்டிவிடும். பலமுறை கவிழ்ந்துதான் இது உடம்பில் ஏறும். அதனால் முதலில் ஓட்டம் மெலிந்த இடத்தில் ஆசை தீரக் கவிழுங்கள். கவிழ்ந்தபின் படகை விடாமல் பிடித்துக்கொள்வது, மற்றவர் உதவியோடு மீண்டும் ஏறுவது ஆகியவை கைவந்த பிறகு ஸ்வெல்லீஸ்.

பயிற்சியாளரிடம் என்ன தேதி என்று கேளுங்கள். ஓட்டம் மெலிந்திருக்கும் அட்டமியை ஒட்டிய நாளைச் சொன்னால் விவரம் தெரிந்தவர். பௌர்ணமியை ஒட்டிய நாள் என்றால், ஏன் என்று கேளுங்கள். காற்று எந்தத் திசை என்பதையும் விடாதீர்கள். ஓட்டத்துக்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும்பும். அரை மணி முன்பு சாதுவாக இருந்த அதே தண்ணீர் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும்.

கயாக் இப்போது வாங்க வேண்டாம். பயிற்சி நிலையத்தின் கீறல் விழுந்த பிளாஸ்டிக் படகே போதும். பாறையில் இடித்தால் கண்ணாடியிழை விரிசல் விடும்; சொந்தப் படகாக இருந்தால், அதைக் காப்பாற்றும் கவலையில் சாய வேண்டிய பக்கம் மறந்துபோகும்.