கறவை மாடும் அக்கம்பக்கமும்: பெங்களூரு ஓரத்துக் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆனேக்கல் வட்டத்தில், அத்திப்பள்ளிக்கு அருகே, நானும் என் கணவரும் மாமியாரும் நான்கு கறவை மாடுகளும் இரண்டு கிடாரிகளும் வைத்திருக்கிறோம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூருவைச் சுற்றி மாடு வளர்க்கும், வளர்க்க விரும்பும் தமிழ்க் குடும்பத்தார் கேட்ட ஆறு கேள்விகளுக்கு, எங்கள் கொட்டகையில் கற்றதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். சந்தாபுரா அருகே அப்பாவுக்கு அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. வேலையை விடாமல் இரண்டு மாடுகள் வளர்க்க முடியுமா, அக்கா?

காலை ஐந்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தம்பி. கறவைக்கும் கறவைக்கும் நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். பால் சங்கத்திலும் குறித்த நேரத்துக்குப் பிறகு பால் எடுக்க மாட்டார்கள். அந்த இரண்டு வேளையும் அப்பா ஒருவரே குனிந்து நிமிர வேண்டியிருந்தால், ஒரு மாட்டோடு தொடங்குவதே அவருக்கு நீங்கள் செய்யும் நன்மை.

மாடு வாங்குவதற்கு முன் புல் நடுங்கள். நாள்தோறும் பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு ஏறக்குறைய 25 கிலோ பசுந்தீவனம், ஐந்தாறு கிலோ ராகித் தாள், உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், அதோடு கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ கலப்புத் தீவனம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் கால் ஏக்கரில் கோ-4 என்ற தீவனப் புல் இரண்டு மாடுகளுக்குப் போதும். ஆனால் நட்ட புல் முதல் அறுப்புக்கு வர இரண்டரை மாதம் ஆகும். அதன் பிறகு 45 நாளைக்கு ஒரு முறை அறுக்கலாம். மாட்டை முதலில் கட்டிவிட்டுப் புல்லைத் தேடி அலைந்த பலர் ஆறே மாதத்தில் மாட்டை விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஹொசகோட்டேயில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை வாளி வாளியாகக் கொடுக்கிறார்கள். மாட்டுக்குப் போடலாமா?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் ஒரு மாட்டைப் பறிகொடுத்தவள். ஒரு வைகாசி முகூர்த்த நாளில், நல்ல மனத்தோடுதான், ஒருவர் இரண்டு வாளிச் சோறும் பாயசமும் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டுப் போனார். நான் பால் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது எங்கள் செவலை தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு அது அசைபோடவில்லை. இடது விலாவில் கையை வைத்து அழுத்தினேன். வழக்கமாக நிமிடத்துக்கு ஓரிரு முறை உள்ளிருந்து கையைத் தள்ளும் அந்த அசைவு இல்லை, உள்ளே தண்ணீர்ப் பைபோலத் தளும்பியது. சாணம் கூழாகி, புளித்த வாடை அடித்தது. விடியும்போது எழ முடியாமல் கிடந்த மாடு, மருத்துவர் ஊசி போட்டும் மறுநாள் இறந்தது.

நடந்தது இதுதான். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தாளையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கப் பழகியவை. வெந்த சோறு மொத்தமாக இறங்கும்போது அது வேகமாகப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகுகிறது. வயிறு ஓடாமல் நின்றுவிடுகிறது. அமிலம் இரத்தத்திலும் ஏறுகிறது. ஆகவே மண்டபத்துச் சோற்றை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டி மிஞ்சிய காய்கறித் தோலையும் தழையையும் மட்டும் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக், ஊசி, கம்பித் துண்டு இருக்கிறதா என்று கையால் கிளறிப் பார்த்துவிட்டு, தாளோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள். மாடு விழுங்கும் கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, அங்கிருந்து இதயத்தைச் சுற்றியுள்ள உறைவரை குத்திச் செல்லக்கூடும்.

தவறிப்போய் அதிகமாகத் தின்றுவிட்டால் நோய்க்குறி தெரியும்வரை காத்திருக்காமல் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது. சமையல் சோடாவைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு, அளவை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.

கேள்வி: எங்கள் மாடு முதல் கன்று ஈன்றது. அன்றே அக்கம்பக்கத்தார் பாத்திரத்தோடு சீம்பால் கேட்டு வந்துவிட்டார்கள். கொடுக்காவிட்டால் மனத்தாங்கல் வருமே? (யெலஹங்கா)

எங்கள் தெருவிலும் இதே வழக்கம்தான். கன்னடக்காரர்கள் அதைக் கிண்ணு என்பார்கள். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்து உண்பார்கள். ஆனால் முதல் கறவை கன்றினுடையது. தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் கிடைப்பதில்லை. அது சீம்பாலில்தான் வருகிறது, அதை உறிஞ்சும் திறனும் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் குறைந்தது மூன்று லிட்டர் போக வேண்டும், அதில் பாதி பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்து, கன்றைப் பட்டினி போடுவது பழைய தவறு.

கலப்பின மாட்டுக்குக் கன்று குடித்த பிறகும் மிஞ்சும். மூன்றாம் கறவையிலிருந்து வீட்டுக்கு ஒரு டம்ளர் வீதம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். காத்திருந்து கேட்டு வாங்குவதைவிட, வீடு தேடி வந்த சீம்பாலுக்கு எப்போதும் மதிப்பு அதிகம்.

கேள்வி: சர்ஜாபுராவில் எங்கள் கொட்டகைக்கு எதிரே அடுக்குமாடி எழும்பிவிட்டது. ஈயும் நாற்றமும் என்று தினமும் புகார்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஐயா. வெயில் காலத்தில் சாணத்தில் இடப்பட்ட ஈ முட்டை பத்து நாளுக்குள் பறக்கும் ஈயாகிவிடும். வாரம் ஒரு முறை குப்பையை அள்ளினால் அது ஈப் பண்ணைதான். நாள்தோறும் அள்ளி மூடிய குழியில் போடுங்கள். கோமியம் தேங்காமல் ஓடத் தரைக்குச் சரிவு கொடுங்கள். நாலைந்து மாடுகள் இருந்தால் ஒரு நாளில் ஏறக்குறைய 50 கிலோ சாணம் சேரும். இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு அது போதும். வெளிவரும் கழிவு அடுக்குமாடிக்காரர்களின் தொட்டிச் செடிகளுக்கு நல்ல உரம். எங்களிடம் சாக்கோடு வந்து வாங்குகிறார்கள்.

கேள்வி: சங்கராந்தி மாலையில் இங்கே மாடுகளை நெருப்புத் தாண்ட வைக்கிறார்கள். நாமும் ஓட்டிப் போக வேண்டுமா? (கெங்கேரி)

சினை மாட்டையும் கன்று ஈன்று சில நாளே ஆன மாட்டையும் ஓட்டாதீர்கள். மிரண்டு வழுக்கினால் கன்று கலையும். எங்கள் மாடுகளை மஞ்சள் பூசி, கொம்பில் பூச்சுற்றி ஊர்வலத்தில் நடத்திக்கொண்டு போவோம், நெருப்புக்கு முன்பே திரும்பிவிடுவோம். மறுநாள் எங்கள் மாட்டுப் பொங்கலுக்கு, ஊர்வலத்தில் கூட வந்த வீட்டார் எல்லோரும் வருகிறார்கள்.

கேள்வி: ஊரில் தங்கை திருமணம். மூன்று நாள் மாடுகளை யாரிடம் விட்டுப் போவது, அக்கா? (கே.ஆர்.புரம்)

கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் பழகாத கை மடியில் பட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மிரட்சியில் பால் இறங்கச் செய்யும் சுரப்பு தடைபடும், மடியில் தங்கிய பால் மடிநோயை வரவழைக்கும். எங்களுக்குப் பக்கத்து வீட்டு அஜ்ஜிதான் (கன்னடப் பாட்டி) துணை. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நான் அருகில் நிற்க அவர் கறந்தார். முதல் மூன்று நாள் பால் குறைந்தது, நான்காம் நாள் சரியானது. தன் மகளின் பிரசவத்துக்கு அவர் போனபோது அவருடைய எருமையை நான் கறந்தேன்.

ஒவ்வொரு மாட்டுக்கும் எத்தனை படி தீவனம், எது உதைக்கும், எதற்குப் பின்காம்பு கடினம் என்பதைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுங்கள்; கறப்பவருக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். கறந்து முடித்ததும் தீவனம் போடச் சொல்லுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு படுக்காமல் நிற்க வேண்டும்.