கப்பலேறிய ரயில்பெட்டி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லண்டன் விக்டோரியா நிலையம் பற்றிய கட்டுரையில், ‘ஒரு காலத்தில் இங்கே படுத்தால் பாரிஸில்தான் எழுந்திருப்பார்கள், பெட்டியே கப்பலேறிவிடும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன், மண்டபத்துக்காரன். என் அப்பா போட் மெயிலில் தனுஷ்கோடி போய், அங்கே இறங்கி ஸ்டீமரில் தலைமன்னார் போனவர். எங்கள் பக்கம் ஆள்தான் கப்பலேறினார், வண்டி ஏறவில்லை. அங்கே எப்படி ஏற்றினார்கள்? கடல் ஏறி இறங்கும்போது தண்டவாள மட்டம் எப்படிச் சேரும்? இன்னொன்று, பிரிட்டன் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. அங்கே ராத்திரி வண்டிக்கு என்ன வேலை? மகள் கிளாஸ்கோவில் இருக்கிறாள். அடுத்த ஜூனில் நானும் வீட்டுக்காரியும் போகிறோம். அப்படி ஒரு வண்டியில் எங்களால் ஏற முடியுமா?

தங்கள் வாசகன்,
மண்டபம்

*

அன்புள்ள ஐயா,

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு சரியான கேள்விகள் கேட்டதற்கு நன்றி. கார்டாக இருந்தவர் கேட்கிறபோது விவரமாகவே சொல்ல வேண்டும்.

அந்த வண்டியின் பெயர் நைட் ஃபெர்ரி. 1936 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. போர்க்காலத்தில் நின்று, 1947 டிசம்பரில் மறுபடி தொடங்கி, 1980 அக்டோபர் கடைசி வரை ஓடியது. இரவு விக்டோரியாவில் ஏறிப் படுத்தால் காலையில் பாரிஸ். நடுவில் இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸின் டன்கர்க் வரை கடல்.

முதலில் பெட்டி. தண்டவாள அகலம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் பிளாட்பாரங்களும் நெருக்கமானவை. ஐரோப்பியப் பெட்டி அங்கே நுழையாது. அதனால் வாகோன்-லீ கம்பெனி இந்த வண்டிக்கென்றே உடல் ஒடுங்கிய தூங்கும் பெட்டிகளைக் கட்டச் செய்தது. நீல நிறம், பொன் எழுத்து. அவற்றில் ஒன்று பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அப்புறம் நீங்கள் கேட்ட மட்டம். டோவரில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அதற்காகக் கதவு வைத்த பெரிய தொட்டி ஒன்று கட்டினார்கள். கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரைப் பம்ப் வைத்து ஏற்றியோ இறக்கியோ, கப்பலுக்குள் இருக்கும் தண்டவாளத்தைக் கரைத் தண்டவாளத்தின் உயரத்துக்குக் கொண்டுவருவார்கள். கீல் வைத்த சிறிய பாலம் ஒன்று இரண்டையும் இணைக்கும். ஷண்டிங் எஞ்சின் பெட்டிகளைத் தள்ளும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளினால் கப்பல் சாய்ந்துவிடும் என்பதால் பிரித்து, இடமும் வலமுமாக ஏற்றுவார்கள். இந்தத் தொட்டி கட்டியதே பெரும் பாடு. டோவரின் சுண்ணாம்புப் பாறை வழியாக நீர் கசிந்துகொண்டே இருந்ததால், கப்பல்கள் தயாரான பிறகும் வண்டி காத்திருக்க வேண்டியதாயிற்று.

உள்ளே போனதும் பெட்டிகளைச் சங்கிலி போட்டுத் தளத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஒரு பாட்டியம்மா இளவயதில் அந்த வண்டியில் போனவர். அவர் பாரிஸைப் பற்றிச் சொன்னதைவிடச் சங்கிலிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். நள்ளிரவில் பெர்த்துக்குக் கீழே இரும்பு இழுபடும், யாரோ சுத்தியலால் தட்டுவார்கள், பிறகு அரவம் அடங்கும், கொஞ்ச நேரத்தில் படுக்கை மெல்ல ஆடத் தொடங்கும். அப்போதுதான் கடலில் இருக்கிறோம் என்று தெரியும் என்பார். அறையிலேயே உயிர்காப்பு மிதவையும் வைத்திருப்பார்கள். இங்கிலாந்தின் அரியணையைத் துறந்த எட்டாம் எட்வர்ட், வின்ட்சர் கோமகனாக இந்த வண்டியில் அடிக்கடி போய் வந்திருக்கிறார்.

1994-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலுக்கடியில் கால்வாய்ச் சுரங்கம் திறந்து பகல் வண்டிகள் ஓடத் தொடங்கின. அதே சுரங்கத்தில் ராத்திரி வண்டியும் விடத் திட்டமிட்டிருந்தார்கள். நைட்ஸ்டார் என்று பெயர் வைத்துப் பெட்டிகளும் செய்தாகிவிட்டது. ஒரு பயணிகூட ஏறவில்லை. திட்டத்தைக் கைவிட்டு, பெட்டிகளைக் கனடாவுக்கு விற்றுவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

சரி, சின்ன நாட்டில் ராத்திரி வண்டிக்கு என்ன வேலை?

தூரம் மட்டும் காரணமில்லை. லண்டன் பாடிங்டனிலிருந்து தென்மேற்குக் கோடியில் இருக்கும் பென்சான்ஸுக்குப் பகலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இரவு வண்டி அதே தூரத்தை எட்டு மணி நேரம் போகும். வழியில் நிறுத்தி வைப்பார்கள். விடியுமுன் கொண்டுபோய் இறக்கினால் யாருக்கும் பயனில்லையே. கடைக்கோடி ஊர்க்காரர் ஒரு பகலை இழக்காமல் தலைநகருக்குப் போய் வேலையை முடித்துத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதனால் இந்த வண்டிகளின் கதையை லண்டனில் நின்று பார்த்தால் புரியாது. எந்த ஊரில் போய் முடிகிறதோ அந்த ஊர்க்காரர்கள்தான் இவற்றுக்காக எப்போதும் குரல் கொடுத்தவர்கள்.

தூரமே காரணமாக ஓடிய வண்டியும் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டனின் பெருங்கப்பற்படை வடகோடியில், ஆர்க்னி தீவுகளின் ஸ்காபா ஃப்ளோவில் நின்றது. மாலுமிகளுக்காக 1917 பிப்ரவரியிலிருந்து லண்டன் யூஸ்டன் – தர்சோ சிறப்பு வண்டி விட்டார்கள். 717 மைல், அதாவது 1,150 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய 22 மணி நேரம். கடற்படைத் தளபதி பெயரால் ஜெல்லிகோ எக்ஸ்பிரஸ் என்றார்கள். தூங்க இடம் கிடைத்தது சிலருக்குத்தான், மற்றவர்கள் மூட்டை மேல் மூட்டையாக உட்கார்ந்தே போனார்கள். வழியில் டிங்வால் என்றொரு சிறிய நிலையம். அங்கே உள்ளூர்ப் பெண்கள் தேநீர் கொடுத்தார்கள். போர் ஆண்டுகளில் அப்படித் தேநீர் வாங்கிக் குடித்த படைவீரர்களின் எண்ணிக்கை 1,34,864 என்று அந்த நிலையத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பையையும் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள். அந்தப் பலகை எனக்கு மிகவும் பிடிக்கும்.

குரல் கொடுத்தார்கள் என்றேனே, அதில் தோற்ற கதை ஒன்று, ஜெயித்த கதை ஒன்று.

எடின்பரோவிலிருந்து ஸ்காட்லாந்து–இங்கிலாந்து எல்லைப்புற மலைகள் வழியாகக் கார்லைல் போன வேவர்லி பாதையை 1969 ஜனவரியில் மூடினார்கள். அதில் கடைசியாக ஓடிய வண்டி ஒரு ராத்திரி வண்டிதான், எடின்பரோ – லண்டன் செயின்ட் பான்க்ராஸ். ஜனவரி 5 இரவு கிளம்பியது. நியூகாசில்டன் என்ற கிராமத்துக்கு வந்தபோது லெவல் கிராசிங் கேட்டை வழி விடாமல் பூட்டிவிட்டு ஊரே வந்து தண்டவாளத்தை மறித்து நிற்கிறது. முன்னால் நின்றவர் ஊர்த் தேவாலயத்துப் போதகர். போலீஸ் அவரைக் கைது செய்தது, கூட்டம் இன்னும் சூடானது. தொகுதி எம்.பி. டேவிட் ஸ்டீல் அதே வண்டியில் பயணியாக வந்துகொண்டிருந்தார். அவர் இறங்கி இரண்டு பக்கமும் பேசி, போதகரை விட்டால் மக்கள் விலகுவார்கள் என்று முடிவு செய்து, வண்டி போனது. போனது போனதுதான். 2015-இல் வடபகுதியை மட்டும், எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை, திரும்பத் திறந்தார்கள். மறித்து நின்ற நியூகாசில்டனுக்கு இன்றும் ரயில் கிடையாது. அந்த எல்லைப்புற ஊர்களுக்கு நடந்தது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜெயித்தது ஃபோர்ட் வில்லியம் வண்டி. ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டுக்கு லண்டனிலிருந்து போகும் ராத்திரி வண்டி. நஷ்டம் என்று சொல்லி 1995-இல் நிறுத்த முடிவு செய்தது பிரிட்டிஷ் ரயில். அந்த நாட்டுச் சட்டப்படி ஒரு பாதையில் பயணிகள் சேவையை அடியோடு மூட வேண்டுமென்றால் அறிவிப்பு கொடுத்து, மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். ஒரு வண்டியை மட்டும் நிறுத்தினால் அதெல்லாம் வேண்டாம். ஆனால் கிளாஸ்கோ அருகே சில துண்டுப் பாதைகளில் இந்த ராத்திரி வண்டியைத் தவிர வேறு எந்தப் பயணி வண்டியும் அப்போது போகவில்லை! வண்டி நின்றால் அந்தத் துண்டுகள் மூடப்பட்டதாகிவிடும். அதைச் சமாளிக்க, பெயருக்கு அங்கே மட்டும் யாரும் ஏறாத வண்டிகளை விடுவதாக நிர்வாகம் திட்டம் போட்டது. பத்திரிகைகள் பேய் வண்டி என்று எழுதின. அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான மலைநாட்டு மண்டல மன்றம் வழக்குப் போட்டது. எடின்பரோவில் நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் நின்றது. முறைப்படி மூடாமல் நிறுத்த முடியாது என்றாகி, வண்டி பிழைத்தது. ஷண்டிங் லைன் மாதிரியான சில துண்டு இரும்பு ஒரு வண்டியைக் காப்பாற்றியதை ரயில்வேக்காரரான நீங்கள் ரசிப்பீர்கள்.

ஆகவே, ஐயா, நீங்கள் ஏற வேண்டியது அதில்தான். நானும் போயிருக்கிறேன். யூஸ்டனில் 16 பெட்டிகள் நிற்கும். பிளாட்பாரத்தில் நன்றாக நடக்க வேண்டும், மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எடின்பரோவில் விடியுமுன் வண்டியை மூன்றாகப் பிரிப்பார்கள்: அபர்டீன், இன்வெர்னஸ், ஃபோர்ட் வில்லியம். எஞ்சின் கழன்று மாட்டும் சின்ன இடி உங்களுக்குத் தாலாட்டுத்தான், வீட்டம்மாவை மட்டும் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

ஜூனில் நாலரை மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். கிளாஸ்கோ தாண்டியதும் எழுந்துவிடுங்கள். முதலில் இடது பக்கம் கடல்கழியும் பிறகு வலது பக்கம் லோமண்ட் ஏரியும் வரும். அதன் பின் ரானக் மூர், கண்ணுக்கெட்டும் வரை சதுப்பு. பாதை போட்டபோது மண் உள்ளிறங்கிக்கொண்டே இருந்ததால் புதர்க்கட்டையும் மண்ணும் சாம்பலும் அடுக்கடுக்காகப் போட்டு அதன் மேல் தண்டவாளம் வைத்தார்கள். 1894-இல் திறந்த பாதை, இன்னும் அதே அடுக்கின் மேல்தான் ஓடுகிறது. மூரின் வடகோடியில் கொரோர் நிலையம், பொதுச் சாலை எதுவும் எட்டாத இடம். நான் போனபோது அங்கே முதுகுப்பையோடு ஓர் இளம்பெண் மட்டும் இறங்கினாள். வண்டி கிளம்பியதும் கொம்பு முளைத்த மான் ஒன்று வேலியோரம் நின்று எங்களையே பார்த்தது.

காலை பத்து மணி வாக்கில் ஃபோர்ட் வில்லியம். அங்கிருந்து பகல் வண்டியில் நாலு மணி நேரத்துக்குள் கிளாஸ்கோ போய்விடலாம். லண்டனிலிருந்து நேராகக் கிளாஸ்கோ சென்ட்ரலுக்கும் வேறொரு ராத்திரி வண்டி இருக்கிறது, ஆனால் அதில் போனால் இதெல்லாம் கிடைக்காது. இருவருக்கான சாதாரண அறையில் மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று பெர்த். மேலே ஏறுவது யார் என்பதை மண்டபத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு வண்டி கிடையாது. ஜூன் மாத அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், மகளிடம் சொல்லி இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்.