வாங்கும் முன், வாங்கிய பின்: பாப் ரிவெட் புகார்கள்

கே: அலுமினியக் கதவு போட்டு ஆறு மாசம்தான் ஆகுது. ரிவெட் எல்லாம் ஆடுது. ரிவெட் மட்டமா, வேலை மட்டமா? (சூரமங்கலம்)

வேலைதான். பாப் ரிவெட் என்பது நடுவில் ஆணி உள்ள சின்னக் குழாய். துளையில் விட்டு ரிவெட் கன்னால் ஆணியை இழுத்தால் மறுபக்கம் உப்பிப் பிடித்துக்கொள்ளும். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9, மிஞ்சினால் 5 மி.மீ. பிட்டால் துளை போட வேண்டும். உங்கள் ஆள் கைக்கு வந்த 5.5-ஐ மாட்டியிருப்பார், துளை பெரிசாகி ரிவெட் ஆடுகிறது. பழசைத் துளைத்தெடுத்து 6.4 ரிவெட் போட்டுத் தரச் சொல்லுங்கள். கூலி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: ரெண்டு தகரம் சேர்ந்து 2 மி.மீ. கனம். 3.2 ரிவெட்டில் எந்த நீளம் வாங்க? கடைக்காரர் ‘நீளமா இருந்தா பலம்’ங்கிறார். (அம்மாப்பேட்டை)

இதே பேச்சைக் கேட்டு மாடிக் கொட்டகைக்கு ஒரு டப்பா 16 மி.மீ. வாங்கியவன் நான். அடிக்கும்போது ஆணி ‘டக்’கென்று முறிந்தது, எனக்கும் திருப்தி. முதல் காற்றிலேயே தகரம் விடிய விடியத் தாளம் போட்டது. நீளம் கூடினால் ரிவெட் தகரத்தை ஒட்டி உப்பாமல் எங்கோ தள்ளி உப்பும், பிடிக்காது. தகரத்தின் கனத்தோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். உங்களுக்கு 7 மி.மீ. பக்கம் வரும். டப்பாவில் எந்தக் கனத்துக்கு என்று போட்டிருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. என் டப்பா இன்னும் பரணில் கிடக்கிறது.

கே: ஏற்காட்டில் டீக்கடை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று கூடக் காசு வாங்கிக் கொடுத்த ரிவெட். ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் துரு வடிகிறது. கடையில் ‘மலைப் பனிக்கு அப்படித்தான்’ என்கிறார்கள்.

பனி என்ன பாவம் செய்தது? ரிவெட்டில் இரண்டு சாமான். வெளியே குழாய், உள்ளே ஆணி. இழுத்ததும் ஆணியின் வால் முறிந்து கையோடு வரும், தலை உள்ளேயே தங்கிவிடும். மறுபக்கம் கை எட்டாத இடத்துக்கென்றே வந்த சாமான் இது, அதனால் உள்ளே தங்கியது எது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கேதான் விளையாடுகிறார்கள்: குழாய் மட்டும் ஸ்டெயின்லெஸ், ஆணி சாதா இரும்பு. ஆணிக்குத் துத்தநாகப் பூச்சு இருந்தாலும் முறிந்த முனை பச்சை இரும்புதானே!

மிச்சம் இருந்தால் ஒன்றை அடித்து, முறிந்து வந்த வாலை உப்புத் தண்ணீரில் நனைத்து ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் முனை சிவந்திருந்தால் இரும்பு. காந்தத்தை நம்பாதீர்கள், நல்ல ஸ்டெயின்லெஸ்கூட லேசாக ஒட்டும். இனி வாங்கும்போது ‘ஆணியும் ஸ்டெயின்லெஸ்ஸா?’ என்று கேட்டு அதைப் பில்லில் எழுத வையுங்கள். மழை படும் இடத்துக்கு முனை அடைத்த ரிவெட் கேளுங்கள், தண்ணீர் உள்ளே இறங்காது.

பில்லும் டப்பாவும் இருக்கிறதல்லவா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். கடைக்காரர் அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வயிற்றுப்பாட்டுக்குச் சொந்தமாகக் கடை நடத்துகிறவரும் நுகர்வோர்தான். விடாதீர்கள்.

கே: ரோட்டோரம் ரிவெட் கன் வாங்கினேன். பில் இல்லை. பத்தாவது ரிவெட்டிலேயே வழுக்குது. மாத்தித் தருவாங்களா? (செவ்வாய்ப்பேட்டை)

யார் தருவார்? அந்த ஆள் இன்று எந்த ஊர் ரோட்டில் நிற்கிறாரோ! கன்னில் ஆணி நுழையும் மூக்கைக் கழற்றி, உள்ளே சிக்கிய ஆணித் துண்டைத் தட்டி எடுத்துப் பாருங்கள். மூக்கு சைஸும் ரிவெட் சைஸும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பழைய இரும்புக்குப் போடுங்கள்.