அரியர்ஸ், டிஃபால்ட், பாக்கி: வாசகர் கேள்விகள்

'அரியர்ஸ்' எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'அத் ரெட்ரோ' என்றால் பின்பக்கமாக. அது பழைய பிரெஞ்சு வழியாகச் சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் நுழைந்தது. முதலில் 'பின்னால்' என்று மட்டுமே பொருள். பணம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. காரில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியின் 'ரியர்' இதற்கு உறவு.

வேலை ஒப்பந்தத்தில் சம்பளம் 'இன் அரியர்ஸ்' என்று இருக்கிறது. பாக்கி வைக்கப்போகிறார்களா?

இல்லை. வேலை முடிந்த பிறகு சம்பளம் என்று பொருள். கையெழுத்துப் போட்ட பிறகா இதைக் கேட்பது? முதலில் அகராதியைப் புரட்டுங்கள்.

அரிதாக வசூலாவதால்தான் அரியர். தமிழ்ச் சொல்தானே?

மாதம் ஒருவராவது இப்படி எழுதிவிடுகிறார். ஒலி ஒத்துப்போனால் உறவு என்றால், எதையும் எதற்கும் மணம் முடித்துவிடலாம். ஒரு சொல் மொழி தாண்டினால் தடம் இருக்கும்: எந்த நூற்றாண்டு, எந்த ஏடு, நடுவில் எந்த வடிவம். கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதற்கும் சுருட்டு 'ஷெரூட்' ஆனதற்கும் மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதற்கும் அந்தத் தடம் உண்டு. ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. அரியருக்கு உள்ள தடம் பிரெஞ்சு வழியாக லத்தீனில் போய் முடிகிறது. உண்மையான பெருமை கைவசம் இருக்கும்போது போலிப் பெருமை எதற்கு? மறுபடியும் சொல்கிறேன், அகராதி.

அரசு ஊழியரான அப்பா தனக்கு அரியர்ஸ் வந்தால் இனிப்பு வாங்குகிறார். எனக்கு அரியர் என்றால் திட்டுகிறார்!

அவருடையது வரவேண்டிய பாக்கி, உங்களுடையது கொடுக்கவேண்டிய பாக்கி. தேறாத பாடத்துக்கு அந்தப் பெயர் நம் ஊர் வழக்கு. லண்டனில் சொன்னால் விழிப்பார்கள். படியுங்கள்.

கடனிலும் டிஃபால்ட், கணினியிலும் டிஃபால்ட். எப்படி?

அந்தச் சொல்லின் முதல் அர்த்தம் குறை, தவறுகை. தவணையைக் கட்டாமல் விட்டால் கடன் டிஃபால்ட். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கணினி தானாக எடுத்துக்கொள்வதும் டிஃபால்ட். இரண்டிலும் யாரோ செய்யவேண்டியதைச் செய்யவில்லை.

பாக்கி, நிலுவை: எது தமிழ்?

பாக்கி அரபி, எஞ்சியது என்று பொருள். நிலுவை 'நில்' என்பதிலிருந்து. ஆங்கிலத்தில் கடன் பின்தங்கிக் கிடக்கிறது, தமிழில் எதிரே நிற்கிறது.

கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' எதற்கு?

லத்தீன் 'டெபிட்டும்' நினைவுக்கு வரட்டும் என்று படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. உச்சரிக்கவேண்டாம்.