சர்வரில் கீ ஃபைல் இல்லாமல் பக்கெட்டுக்குப் போவது எப்படி?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் நடத்துகிறோம். கூகுள் கிளவுடின் மும்பை ரீஜனில் ஒரே ஒரு வி.எம். (கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர்) ஓடுகிறது, உபுண்டு, பைதான், போஸ்ட்கிரெஸ். பில் பி.டி.எஃப்.களும் ராத்திரி எடுக்கும் டேட்டாபேஸ் பேக்கப்பும் ஒரு ஸ்டோரேஜ் பக்கெட்டுக்கு (கிளவுடில் ஃபைல்கள் வைக்கும் இடம்) போகின்றன. வியாபாரிகளுக்கு பில்லின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இதற்கான சர்வீஸ் அக்கவுண்டின் (ஆளுக்கு அல்ல, புரோகிராமுக்கான கணக்கு) கீ, ஜேசன் ஃபைலாக சர்வரில் கிடக்கிறது. வேலையை விட்டுப் போன ஒருவரின் லேப்டாப்பிலும் அதே ஃபைல் இருக்கிறது. கீ இல்லாமலேயே செய்யலாம் என்று கேள்விப்பட்டு ஃபைலை எடுத்துப் பார்த்தோம், 403 (அனுமதி இல்லை என்ற பிழை) வந்தது. என்ன செய்வது? — வாசகர், கே.கே. நகர், மதுரை.

பதில்: கூகுள் கிளவுடுக்குள்ளேயே ஓடும் வி.எம்.முக்கு கீ ஃபைல் தேவையே இல்லை. அதை எடுத்துவிடுவதுதான் சரி. சர்வீஸ் அக்கவுண்ட் கீக்குத் தானாகக் காலாவதி தேதி வராது. நீங்கள் நீக்கும்வரை அது செல்லும். ஃபைல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த அக்கவுண்ட். எந்த ஊரிலிருந்தும் உள்ளே வரலாம், ஓ.டி.பி.கூடக் கேட்காது. வேலையை விட்டவரின் மெயில் ஐ.டி.யை முடக்கினாலும் அவர் கையிலுள்ள கீ முடங்காது.

கீக்குப் பதில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். ஒவ்வொரு வி.எம்.முக்கும் ஒரு சர்வீஸ் அக்கவுண்டை இணைக்கலாம். ஒன்றுதான், இரண்டு முடியாது. இணைத்தபின், வி.எம்.முக்குள் ஓடும் எந்த புரோகிராமும் 169.254.169.254 என்ற முகவரியிலுள்ள மெட்டாடேட்டா சர்வரிடம் (வி.எம்.முக்கு அதைப் பற்றிய விவரங்களைத் தரும் கூகுளின் உள் சேவை) டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, கேட்கலாம். இந்த முகவரிக்கு வி.எம்.முக்கு வெளியிலிருந்து வர முடியாது. கிடைக்கும் டோக்கன் அதிகபட்சம் ஒரு மணி நேரம் செல்லும்; முடிவதற்குள் அடுத்ததை பைதான் லைப்ரரியே வாங்கிக்கொள்ளும். டிஸ்கில் எதுவும் எழுதப்படுவதில்லை என்பதால் காப்பி எடுத்துப் போகவும் எதுவும் இல்லை.

அப்படியானால் 403 ஏன்? ஃபைலை எடுத்ததும் உங்கள் புரோகிராம் வி.எம்.மில் ஏற்கெனவே இணைந்திருக்கும் அக்கவுண்டுக்குத் தாவியிருக்கிறது. வி.எம். உருவாக்கும்போது நீங்கள் எதையும் மாற்றியிருக்காவிட்டால், அது கம்ப்யூட் இன்ஜின் டிஃபால்ட் சர்வீஸ் அக்கவுண்டாக இருக்கும். அதோடு வரும் டிஃபால்ட் ஸ்கோப்பில் ஸ்டோரேஜைப் படிக்க மட்டுமே அனுமதி. எழுதப் போனால் 403.

ஸ்கோப்பும் ரோலும் வேறு வேறு. ரோல் என்பது அந்த அக்கவுண்ட் என்ன செய்யலாம் என்பது. ஸ்கோப் என்பது இந்த வி.எம். வாங்கும் டோக்கனுக்கான உச்சவரம்பு. இரண்டும் சம்மதித்தால்தான் வேலை நடக்கும். அதனால் 403 என்ற எண்ணோடு நிறுத்தாமல் அதன் கீழே வரும் வரியைப் படியுங்கள். ‘ஸ்கோப் அனுமதிக்கப்படவில்லை’ என்ற பொருளில் இருந்தால் குறை வி.எம். செட்டிங்கில். ஒரு மெயில் முகவரியைச் சொல்லி, அதற்கு ‘ஸ்டோரேஜ் ஆப்ஜெக்ட்ஸ் க்ரியேட்’ அனுமதி இல்லை என்றால் குறை ரோலில். அந்த மெயில் முகவரியையும் கவனியுங்கள். நீங்கள் நினைத்த அக்கவுண்டாக அது இல்லாமல் போவது மிகச் சாதாரணம்.

இப்போது ஸ்கோப்பை மட்டும் அகலப்படுத்தி டிஃபால்ட் அக்கவுண்டிலேயே ஓட்டத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். பழைய ப்ராஜெக்ட்களில் இந்த அக்கவுண்டுக்கு ப்ராஜெக்ட் முழுவதற்கும் எடிட்டர் ரோல் தானாகவே கொடுக்கப்பட்டிருக்கும். 2024 மே 3-க்குப் பிறகு உருவான ஆர்கனைசேஷன்களில்தான் அந்தப் பழக்கம் நின்றது. எடிட்டர் ரோலோடு ஸ்கோப்பையும் திறந்துவிட்டால், உங்கள் வெப்சைட்டில் விழும் ஒரு ஓட்டை ப்ராஜெக்ட் முழுவதையும் காவு வாங்கும்.

ஐ.ஏ.எம். (யாருக்கு என்ன அனுமதி என்பதை நிர்வகிக்கும் பகுதி) பக்கத்தில் புதிதாக ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் உருவாக்குங்கள். பெயரில் வேலை தெரியட்டும்: ‘பூ-பில்லிங்-சர்வர்’ போல. உருவாக்கும்போது ப்ராஜெக்ட் அளவில் ரோல் கொடுக்கச் சொல்லி ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விட்டுவிடுங்கள். கீ உருவாக்காதீர்கள். ரோலை பக்கெட்டின் பெர்மிஷன்ஸ் பக்கத்தில் போய், அந்த பக்கெட்டுக்கு மட்டும் கொடுங்கள்.

பில்லையும் பேக்கப்பையும் ஒரே பக்கெட்டில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டாகப் பிரியுங்கள். பில் பக்கெட்டுக்கு ‘ஸ்டோரேஜ் ஆப்ஜெக்ட் யூசர்’ ரோல் வேண்டும். எடை திருத்தினால் அதே பெயரில் பில்லை மறுபடி ஏற்றுவீர்கள், லிங்க் கொடுக்கப் படிக்கும் உரிமையும் வேண்டும். பேக்கப் பக்கெட்டுக்கு ‘ஸ்டோரேஜ் ஆப்ஜெக்ட் க்ரியேட்டர்’ மட்டும் போதும். இந்த ரோல் புதிய ஃபைலைப் போடும், ஆனால் அழிக்கவோ படிக்கவோ முடியாது. நாளைக்கே யாரோ சர்வருக்குள் புகுந்தாலும் பழைய பேக்கப்களைத் தொட முடியாது என்பதே இதன் பலன்.

இதில் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஸ்டோரேஜில் இருக்கும் ஃபைலின் மேல் அதே பெயரில் எழுத, அழிக்கும் அனுமதியும் வேண்டும். தினமும் ஒரே பெயரில் பேக்கப் அனுப்பினால் முதல் ராத்திரி வெற்றி, இரண்டாம் ராத்திரி 403. பெயரில் தேதியையும் நேரத்தையும் சேர்த்துவிடுங்கள். பழையதைக் கழிக்க பக்கெட்டில் லைஃப்சைக்கிள் விதி போட்டு, 30 நாள் கடந்ததை நீக்கச் சொல்லுங்கள். அதை ஸ்டோரேஜே செய்துகொள்ளும்; உங்கள் அக்கவுண்டுக்கு அழிக்கும் உரிமை தேவைப்படாது.

பைதான் கோடிலும் ஒரு வரி தடுக்கும். பக்கெட்டை ‘கெட் பக்கெட்’ ஃபங்ஷனால் எடுத்திருந்தால், அது முதலில் பக்கெட்டின் விவரத்தைக் கேட்கும். அதற்கான அனுமதி மேலே சொன்ன இரண்டு ரோலிலும் இல்லை. கிளையன்ட்டின் ‘பக்கெட்’ ஃபங்ஷனை மட்டும் பயன்படுத்துங்கள். அது எதையும் கேட்காமல் நேரே ஃபைலை ஏற்றப் போகும்.

அடுத்து அக்கவுண்டை வி.எம்.மோடு இணைப்பது. இதற்கு வி.எம்.மை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தும் முன் வெளி ஐ.பி. முகவரியைப் பாருங்கள். அது தற்காலிக முகவரி என்றால், நிறுத்தியதும் கைவிட்டுப் போகும். திரும்ப எழும்போது வேறு எண் வரும், டொமைன் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். முதலில் வி.பி.சி. நெட்வொர்க்கின் ஐ.பி. முகவரிகள் பக்கத்தில் அதை ஸ்டாட்டிக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பூ வியாபாரம் விடிகாலையில் சூடு பிடிப்பது என்பதால், மார்க்கெட் ஓய்ந்த மத்தியானத்தில் இதைச் செய்யுங்கள். வி.எம். நின்றபின் எடிட் பக்கத்தில் புதிய அக்கவுண்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்கோப் கேட்டால் எல்லா கிளவுட் ஏ.பி.ஐ.களுக்கும் முழு அனுமதி என்பதைக் கொடுங்கள். பயப்பட வேண்டாம், ரோல் இரண்டு பக்கெட்டோடு நின்றுவிடுகிறது, காவல் அங்கேதான். இணைப்பவர் ப்ராஜெக்ட் ஓனராகவோ எடிட்டராகவோ இல்லாவிட்டால், அவருக்கு அந்த அக்கவுண்டின் மேல் ‘சர்வீஸ் அக்கவுண்ட் யூசர்’ ரோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேமிக்கும்போது மறுத்துவிடும்.

வி.எம். எழுந்ததும் உள்ளே போய்ச் சோதியுங்கள். கர்ல் கட்டளையில் ‘மெட்டாடேட்டா-ஃப்ளேவர்: கூகுள்’ என்ற ஹெட்டரைச் சேர்த்து, மெட்டாடேட்டா சர்வரில் இன்ஸ்டன்ஸ், சர்வீஸ்-அக்கவுண்ட்ஸ், டிஃபால்ட், ஈமெயில் என்ற பாதையைக் கேட்டால் இணைந்திருக்கும் அக்கவுண்டின் முகவரி வரும். பாதையில் டிஃபால்ட் என்று இருந்தாலும், வரவேண்டியது நீங்கள் இப்போது இணைத்த அக்கவுண்ட்தான். ஹெட்டர் இல்லாமல் கேட்டால் பதில் மறுக்கப்படும். வெப் ஆப் ஓட்டை வழியாக வெளியாள் டோக்கன் கறப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. ரோல் மாற்றம் பரவ வழக்கமாக 2 நிமிடம், சில சமயம் 7 நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். கொடுத்த கையோடு 403 வந்தால் ரோலைக் கலைக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.

மெட்டாடேட்டா சரியான முகவரியைச் சொல்லியும் புரோகிராம் பழைய அக்கவுண்டாகவே போனால், தேடும் வரிசைதான் காரணம். லைப்ரரி முதலில் ‘கூகுள் அப்ளிகேஷன் க்ரெடென்ஷியல்ஸ்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளைப் பார்க்கும். அடுத்து, ஹோம் ஃபோல்டரில் ஜி-கிளவுட் (கூகுள் கிளவுடின் கட்டளைக் கருவி) விட்டுவைத்த லாகின் ஃபைலைப் பார்க்கும். இரண்டும் இல்லாதபோதுதான் மெட்டாடேட்டா சர்வரிடம் போகும். அந்த வேரியபிள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கலாம் என்று தேடுங்கள்: சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைல், டாட் என்வ் ஃபைல், எட்க் ஃபோல்டரின் என்விரான்மென்ட் ஃபைல், க்ரான்டேப்பின் தலைவரி, கோடிலேயே ஜேசன் பாதையை நேராக எழுதிய இடம். வேரியபிளை விட்டுவிட்டு ஃபைலை மட்டும் நீக்கினால், ‘ஃபைல் இல்லை’ என்று நிற்குமே தவிர அடுத்த வழிக்கு லைப்ரரி போகாது.

வாட்ஸ்அப் லிங்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீயை எடுத்த மறுநாள் உடைவது அதுதான். நீங்கள் அனுப்புவது கையெழுத்திட்ட லிங்க்காக (லாகின் இல்லாமல், குறிப்பிட்ட நேரம் மட்டும் ஃபைலைத் திறக்கும் லிங்க்) இருந்தால், கையெழுத்துப் போட ஒரு பிரைவேட் கீ வேண்டும். மெட்டாடேட்டா தருவது வெறும் டோக்கன்; அதில் கீ கிடையாது. அதனால் பைதான் ‘பிரைவேட் கீ தேவை’ என்று நின்றுவிடும். தீர்வு, கையெழுத்தை கூகுளிடமே போடச் சொல்வது. ப்ராஜெக்டில் ஐ.ஏ.எம். சர்வீஸ் அக்கவுண்ட் க்ரெடென்ஷியல்ஸ் ஏ.பி.ஐ.யை இயக்குங்கள். உங்கள் அக்கவுண்டுக்கு, அதே அக்கவுண்டின் மேல், ‘சர்வீஸ் அக்கவுண்ட் டோக்கன் க்ரியேட்டர்’ ரோல் கொடுங்கள். லிங்க் உருவாக்கும் ஃபங்ஷனுக்கு அக்கவுண்டின் மெயில் முகவரியையும், அப்போதுதான் புதுப்பித்த டோக்கனையும் சேர்த்து அனுப்புங்கள்.

கீ ஃபைலால் போட்ட கையெழுத்து 7 நாள் வரை செல்லும். கூகுள் வைத்திருக்கும் கீயால் போட்டதை 12 மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. அந்தக் கீயை கூகுள் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும். காலையில் வந்த பில்லை வியாபாரி சனிக்கிழமைக் கணக்கு முடிக்கும்போது திறந்தால் லிங்க் செத்திருக்கும். ஆகவே வாட்ஸ்அப்பில் உங்கள் சொந்த டொமைனின் லிங்க்கை அனுப்புங்கள். யார் பில் என்று ஊகிக்க முடியாத நீளமான எண் அதில் இருக்கட்டும். அவர் தட்டும்போது 10 நிமிடம் செல்லும் கையெழுத்து லிங்க்கை உருவாக்கி, அதற்குத் திருப்பிவிடுங்கள். வேலை கொஞ்சம் கூடும், ஆனால் பில் என்றைக்கும் திறக்கும்.

ஆபீஸ் லேப்டாப்பில் சோதிக்க கீ வேண்டுமே என்று மறுபடி ஒன்று உருவாக்காதீர்கள். அங்கே ஜி-கிளவுடில் உங்கள் சொந்த மெயிலால் லாகின் செய்து, சர்வீஸ் அக்கவுண்டாக இம்பர்சனேட் செய்யும் (அதன் பெயரில் தற்காலிகமாக இயங்கும்) வசதியைப் பயன்படுத்தலாம். உங்களுக்கும் டோக்கன் க்ரியேட்டர் ரோல் போதும். வேறு கிளவுடுக்கு மாறினாலும் முறை இதுதான்: அமேசானில் வி.எம்.மோடு ஐ.ஏ.எம். ரோல், மைக்ரோசாஃப்ட் அஸூரில் மேனேஜ்டு ஐடென்டிட்டி.

கடைசியாகப் பழைய கீ. புதிய ஏற்பாட்டில் ஒரு பேக்கப்பும் ஒரு பில்லும் போனதைப் பார்த்ததும், கீயை முதலில் டிஸேபிள் செய்யுங்கள். எங்கோ மறந்துபோன ஸ்கிரிப்ட் நின்றால் உடனே திரும்ப எனேபிள் செய்யலாம். டிலீட் செய்தால் மீட்க வழியில்லை. பழைய அக்கவுண்டின் மெட்ரிக்ஸ் பக்கத்தில் எந்தக் கீ எப்போது பயன்பட்டது என்ற வரைபடம் இருக்கும். சாதாரணமாக இதைச் சில வாரம் பார்த்துவிட்டு டிஸேபிள் செய்யச் சொல்வேன். உங்கள் விஷயத்தில் வெளியாள் கையில் காப்பி இருப்பதால் காத்திருக்க வேண்டாம். டிஸேபிள் செய்தபின் ஒரு மாதக் கணக்கு முடியும்வரை எதுவும் நிற்கவில்லை என்றால் டிலீட் செய்யுங்கள்.

அதே நாளில் எஸ்.எஸ்.எச். கீகளையும் (வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் சாவிகள்) பாருங்கள். வி.எம்.முக்குள் நுழைய முடிந்தவர் யாராக இருந்தாலும் மெட்டாடேட்டாவிடம் டோக்கன் வாங்கிவிடலாம். ப்ராஜெக்ட் மெட்டாடேட்டா, வி.எம். மெட்டாடேட்டா, உள்ளே ஒவ்வொரு யூசரின் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் என மூன்று இடத்திலும் போனவரின் வரியை நீக்குங்கள், ஐ.ஏ.எம். பட்டியலில் அவர் மெயில் ஐ.டி. இன்னும் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.