சீரியல் எடுக்கும் ஃபிக்ஷன் டீமில் சேர என்ன வழி?

கேள்வி: எனக்கு ஊர் திருமங்கலம். விஸ்காம் முடித்துவிட்டு இரண்டு வருடமாக மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எந்த சீரியலை எடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யும் சேனல் ஃபிக்ஷன் டீமில் சேர ஆசை. அதற்கு எம்.பி.ஏ. வேண்டுமா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை வைத்து ஒரு கதை வைத்திருக்கிறேன், அதைக் கொண்டு போகலாமா?

பதில்: எம்.பி.ஏ. கட்டாயமில்லை. கதையைக் கொண்டு போகலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற வேலை வேறு, அங்கே நடக்கிற வேலை வேறு.

முன்பெல்லாம் தயாரிப்பாளரே சேனலிடம் ஸ்லாட்டை, அதாவது ஒளிபரப்பு நேரத்தை, வாடகைக்கு வாங்கி, விளம்பரமும் அவரே பிடிக்கும் முறை பெரிதாக இருந்தது. கதை அவர் பாடு. இப்போது பெரும்பாலும் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துத் தயாரிக்கச் சொல்கிறது, உரிமையும் சேனலுக்கே. விஜய் டிவியில் 2018-ல் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2021-ல் இந்திக்குப் போனது ஞாபகம் இருக்கும். உரிமை கையில் இருந்தால் ஒரு கதை இப்படிப் பல மொழியில் சம்பாதிக்கும். சேனல் தன் பணத்தைப் போடுவதால்தான் அதைக் கண்காணிக்க ஃபிக்ஷன் டீம் என்று ஒன்று தேவைப்படுகிறது.

புதுக் கதை தேர்வு வருடத்தில் சில தடவைதான் நடக்கும். மற்ற நாளெல்லாம் ஓடுகிற சீரியலை ஓடவைப்பதே வேலை. விளம்பரம், டைட்டில், முன்கதை போக அரை மணி ஸ்லாட்டில் கதைக்குக் கிடைப்பது 20 முதல் 22 நிமிடம். வாரம் ஆறு எபிசோடு என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், அதாவது வாரத்துக்கு ஒரு சினிமா. எடுத்து முடித்துக் கையிருப்பில் இருப்பதை பேங்க் என்பார்கள். அது இரண்டு எபிசோடாகக் குறைந்தால், நாயகிக்குக் காய்ச்சல் வந்தாலே டெலிகாஸ்ட் தள்ளாடும். அதற்காக ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்தால், ரேட்டிங் பார்த்துக் கதையைத் திருப்ப வழி இருக்காது. ஒரு வாரக் கையிருப்பு என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அளவு.

இனி ரேட்டிங். இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளியில் முடியும், எண்கள் அடுத்த வியாழன் வரும். எல்லோரும் டி.ஆர்.பி. என்ற ஒற்றை எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்குள் இரண்டு எண்கள் இருக்கின்றன: எத்தனை பேர் எட்டிப் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள். 100 பேரில் 10 பேர் வந்து, 30 நிமிடத்தில் சராசரியாக 15 நிமிடம் பார்த்தால் ரேட்டிங் 5. அடுத்த வாரம் 4 ஆகிவிட்டது என்று வையுங்கள். 8 பேர் வந்து அதே 15 நிமிடம் பார்த்திருந்தாலும் 4 தான். 10 பேரும் வந்து 12 நிமிடத்தில் எழுந்து போயிருந்தாலும் 4 தான். முதலாவதில் கதைமேல் பழி போடக் கூடாது. ப்ரோமோ எடுபடவில்லை, முந்தைய ஸ்லாட் சரிந்தது, எதிர்ச் சேனலில் இரண்டு சீரியலைச் சேர்த்த மகா சங்கமம் ஓடியது, ஐ.பி.எல். நடந்தது என்று தேட வேண்டும். இரண்டாவது கதையின் கோளாறு: வந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. இதைப் பிரிக்கத் தெரியாமல், எட்டிப் பார்ப்பவர் குறைந்ததற்கு ஒரு நல்ல டிராக்கை, அதாவது கதைப் போக்கை, வெட்டி, நாயகனுக்கு விபத்து வைத்துக் கெடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு. ஒரு வார எண்ணை வைத்து முடிவெடுக்காமல் நான்கு வாரப் போக்கைப் பாருங்கள்.

இதற்கான பயிற்சியை வீட்டிலிருந்தே செய்யலாம். பிரைம் டைம் சீரியல் ஒன்றை எடுத்து நான்கு வாரம், 24 எபிசோடு, நோட்டோடு பாருங்கள். எந்த நிமிடத்தில் காட்சி மாறியது, எந்த ரகசியம் யாருக்குத் தெரிந்தது, இன்னும் யாருக்குத் தெரியாது, பிரேக்குக்கு முன் எந்தக் கேள்வி தொங்கியது என்று எழுதுங்கள். ஒரே ரகசியத்தை மூன்று எபிசோடு தடவிக்கொண்டிருக்கும் இடம் கண்ணில் படும். அதைப் பற்றி ஒரே பக்கம் எழுதிப் பழகுங்கள். வசனத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள், அது எழுத்தாளர் வேலை. "மாமியாருக்கு உண்மை தெரிந்த பிறகும் பழையபடியே பேசுகிறாள், ஏன்?" என்று இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். உங்களைப் போன்ற எடிட்டருக்கு இது சீக்கிரம் கைவரும்.

உங்கள் பூ மார்க்கெட் கதைக்கு வருகிறேன். முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறுவதும், மார்கழிப் பனியில் வரத்து குறைவதும் நல்ல களம். ஆனால் முதல் கேள்வியே, "தினமும் எந்த வீட்டில் கதை நடக்கும்?" என்பதாக இருக்கும். சீரியல் யூனிட் பெரும்பாலும் சென்னையில் வாடகை பங்களாவில் நிற்கிறது. ஏலக் கூச்சலோடு மார்க்கெட்டைத் தினமும் எடுக்க முடியாது. மார்க்கெட் மாதத்துக்கு இரண்டு நாள் ஷூட்டிங், மீதி பூக்கட்டும் குடும்பத்தின் முற்றமும் கமிஷன் கடைக்காரர் வீடும் என்று நீங்களே பிரித்துக் காட்டுங்கள். அடுத்த கேள்வி, நூறாவது எபிசோடில் என்ன நடக்கும்? புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். கடனை அடைத்ததும் முடிந்துவிடும் கதை சினிமாவுக்குச் சரி. சீரியலுக்கு, ஒருவர் ஜெயித்தால் அதே வீட்டில் இன்னொருவர் தோற்கிற மாதிரி உறவு முடிச்சு வேண்டும். மதுரைப் பேச்சை "அங்கிட்டு, இங்கிட்டு" என்று வரிக்கு வரி தூவ வேண்டாம். யார், எப்போது, யாரிடம் மரியாதை குறைத்துப் பேசுகிறார் என்பதில் ஊர் தெரியட்டும்.

கதையில் குழந்தை பாத்திரம் இருந்தால் விதியும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அனுமதி, நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை, இடைவெளியில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்பு. தினசரி சீரியலில் குழந்தையை மையமாக வைத்தால் ஷெட்யூல் இறுகும், அதையும் சொல்லிவிடுங்கள்.

நுழைய, நேராக சேனல் வாசலைவிடத் தயாரிப்பு நிறுவனமே சுலபம். எபிசோடு எடிட்டிங், காட்சிக்குக் காட்சி உடை, பொருள் மாறாமல் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர், வசன உதவியாளர், இவற்றில் ஏதாவது ஒன்று. உங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு: சேனலின் ப்ரோமோ டிபார்ட்மெண்ட். 22 நிமிடத்தில் எந்த 30 நொடி ஆளை இழுக்கும் என்று தினமும் தேடுகிற இடம் அது, அங்கிருந்து ஃபிக்ஷனுக்கு மாறுவது இயல்பு. காலியிடங்கள் நிறுவனங்களின் இணையதளத்திலும் லிங்க்ட்இன்னிலும் வரும். "சேர்த்துவிடுகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கதையைக் கொடுக்கும் முன் எழுத்தாளர் சங்கத்திலோ பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்திலோ பதிவு செய்யுங்கள். வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். எனவே பாத்திரங்கள், முதல் வார எபிசோடுகள் உட்பட விரிவாக எழுதியதைப் பதியுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு பக்க சீரியல் அலசல், இரண்டு பக்கக் கதை, இரண்டு ப்ரோமோ எடிட், இவ்வளவு போதும். அனுப்பி இரண்டு வாரம் கழித்து விசாரிக்கலாம். வியாழக்கிழமை மட்டும் போன் செய்யாதீர்கள், அன்று அங்கே யாரும் நிதானத்தில் இருக்க மாட்டார்கள்.