மூன்று வார இருமலைத் தூசி மேல் போடாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 31. பக்கத்து டேபிளில் இருந்த அக்காவுக்குக் காசநோய் என்று சொல்லி, போன மாதம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. முடி கொட்டுகிறது, நகத்தில் வெள்ளைப் புள்ளி, தலைவலி, முதுகுவலி, காலையில் தும்மல். இருமலும் மூன்று வாரமாக இருக்கிறது, அது தூசியால்தான். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் குறைந்தது, மறுபடி வந்துவிட்டது. வீடியோவில் சொன்னபடி மூச்சை அடக்கிப் பார்த்தேன், 40 நொடி நிற்கிறது. அந்த அக்கா தொட்ட துணியைத்தான் நானும் பிரித்துப் பார்த்தேன். நாலு வயது மகனைத் தூக்கலாமா? ஒரே நல்ல விஷயம், உடம்பு இளைத்திருக்கிறது. மூன்று மாதத்தில் ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டேன்.

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்ததை நல்ல விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். சாப்பாட்டைக் குறைக்காமல், வேறு எதுவும் செய்யாமல், உடம்பு தானாக இளைத்தால் அதை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். கூடவே மூன்று வார இருமலும் இருந்தால் நாளைக்கே பார்க்க வேண்டும். உங்களுக்குக் காசநோய் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. இருக்கிறதா இல்லையா என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு வாரம் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மற்றவற்றை ஒதுக்கிவிடலாம். நகத்தில் வெள்ளைப் புள்ளி எங்கோ இடித்துக்கொண்டதால் வருவது. நகம் வளர வளரப் போய்விடும். ஒரு மாதமாகத் தூங்காதவருக்குத் தலை வலிக்கத்தான் செய்யும். நாள் முழுக்க நின்றுகொண்டே டேபிளில் குனிந்து பீஸ் பார்ப்பவருக்கு முதுகு வலிப்பதிலும் அதிசயம் இல்லை. முடி கொட்டுவதற்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், போதும். காலைத் தும்மல் ஒவ்வாமை.

மூச்சை அடக்கும் சோதனையை உடனே மறந்துவிடுங்கள். கொரோனா சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய் அது, இன்னும் சாகாமல் வீடியோவாக ஓடிக்கொண்டிருக்கிறது. நுரையீரலின் மேல் மூலையில் காசநோய்ப் புண் இருக்கும்போதே மீதி நுரையீரல் நன்றாக வேலை செய்யும். அப்படிப்பட்ட நோயாளி 40 நொடி என்ன, ஒரு நிமிடம்கூட மூச்சை அடக்குவார். அதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

அந்த அக்கா தொட்ட துணியால் காசநோய் வராது. டேபிள், கத்தரிக்கோல், தண்ணீர் டம்ளர், சாப்பாட்டுத் தூக்கு, கை குலுக்குவது, ஒரே கழிப்பறை, எதனாலும் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் காசநோய் போகும் வழி காற்றுதான். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை காற்றிலேயே உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல், காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்காக மிதக்கும். அதை மூச்சில் இழுத்தால்தான் கிருமி உள்ளே போகும். வழியில் இருமிக்கொண்டு போகும் ஒருவரைக் கடந்து சென்றதால் இது வந்துவிடாது. பெரும்பாலும் ஒரே காற்றைப் பல மணி நேரம், பல நாள், சேர்ந்து சுவாசிக்க வேண்டும்.

கம்பெனியில் இது பரவுவதற்குக் காரணமே அந்த மணிக்கணக்குதான். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில்தான் வெளியே வருகிறீர்கள். வீட்டில் மகனோடு விழித்திருக்கும் நேரத்தைவிட, பக்கத்து டேபிள்காரரோடு இருக்கும் நேரம் அதிகம். மழைக்காலத்தில் சாரல் பீஸில் படும் என்று ஜன்னலைச் சாத்துகிறார்கள். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி காற்றைச் சுழற்றுமே தவிர வெளியே தள்ளாது. அப்புறம் வீட்டுக்குப் போக, கண்ணாடி ஏற்றிய வேனில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு மணி நேரம். கொரோனாவிலும் இதையேதான் பார்த்தோம். 2020-இல் ஜெர்மனியில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் குளிரூட்டிய காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்ட கூடத்தில், ஒருவரிடமிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்றவர்களுக்கும் தொற்று போயிருந்தது. கிருமி வேறு, பரவும் வேகம் வேறு. காற்று வெளியே போகாத கூடத்தின் கதை ஒன்றுதான்.

சரி, தூசிக்கு வருகிறேன். நூல், பஞ்சு, துணியோடு வேலை செய்கிற ஊர்களில் எந்த இருமலையும் தூசி மேல் போட்டுவிடுகிறார்கள். எல்லோரும் இருமுகிறார்கள், அதனால் யாரும் நாள் எண்ணுவதில்லை. என்னிடம் ஒரு ஸ்பின்னிங் மில் தொழிலாளி வந்தார், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை. நான்கு மாத இருமல். ‘பஞ்சு சார், பழகிப்போச்சு’ என்றார். சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொட்டினார், எல்லாம் காலி மாத்திரை அட்டைகள். சளியில் கிருமி இருந்தது. அவர் வீட்டில் இருந்த ஐந்து பேரில் இன்னொருவருக்கும் அதற்குள் நோய் வந்திருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு இருவருமே குணமானார்கள். ஆனால் அந்த நான்கு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

தூசி இருமலுக்கு ஒரு நடை உண்டு. வேலைக்குப் போனால் கூடும், லீவு விட்டால் குறையும். பஞ்சாலைகளில் ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கள்கிழமை நெஞ்சு இறுகும். அது பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வரும் தனி நோய், அதற்கும் வைத்தியம் வேண்டும். ஆனால் தூசிக்குச் சாயங்காலமானால் உடம்பு சுடாது, இரவில் ஜாக்கெட் நனைய வியர்க்காது, பசி போகாது, எடை குறையாது. ஆகவே நாள் எண்ணுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும், தூசியில் வேலை செய்தாலும், பீடி குடித்தாலும், ஆஸ்துமாக்காரராக இருந்தாலும், சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். சளியில் ரத்தம் கண்டால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரையின் பெயரை எழுதவில்லை. நீங்கள் குறைந்தது, மறுபடி வந்தது என்று சொல்வதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம். இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் என்ற மாத்திரையைச் சீட்டே இல்லாமல் ஐந்து நாளைக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். அது காசநோய்க் கிருமியையும் தாக்கும் மருந்து. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்காக நாங்கள் பத்திரமாக வைத்திருக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஐந்து நாள் போட்டால் கிருமி கொஞ்சம் அடங்கும், சாகாது. இருமல் குறையும், பரிசோதனையில் கிருமி சிக்காமல் போகலாம், நோய் உள்ளே வளரும், போதாததற்கு அந்த மருந்தையே எதிர்க்கவும் கிருமி பழகிக்கொள்ளும். சில இடங்களில் பெயர் தெரியாத நாலைந்து மாத்திரையைப் பொட்டலமாக மடித்துக் கொடுக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பசி எடுக்கும், காய்ச்சல் தணியும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி இறங்கி நோய் ஏறும். தயவுசெய்து இனி ஒரு மாத்திரைகூட அப்படி வாங்கிப் போடாதீர்கள்.

நாளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ போய், ‘மூன்று வாரமாக இருமல், எடை குறைந்திருக்கிறது, கூட வேலை செய்தவருக்குக் காசநோய்’ என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள், சளி கேட்பார்கள். சளி என்றால் எச்சில் இல்லை. பாதிப் பேர் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவோடு வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, மொட்டை மாடியிலோ வாசலிலோ திறந்த இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, கெட்டியாக வருவதை டப்பாவில் சேர்த்து இறுக்கி மூடுங்கள். சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகளில் கிருமி இருக்கிறதா என்பதும், முக்கியமான மருந்து அதற்குக் கேட்குமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரசு நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

கிருமி இல்லை என்று வந்தால் இளைப்புக்கும் இருமலுக்கும் வேறு காரணம் தேட வேண்டும். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோயே வராது. வாழ்நாளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வரும், அதிலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். ஆகவே இப்போது இல்லை என்று வந்தாலும் இரண்டு ஆண்டுக்கு இருமலை அலட்சியப்படுத்த வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட கேள்வி எனக்குத் தெரிகிறது: ‘நோய் என்று தெரிந்தால் என்னையும் நிறுத்திவிடுவார்களா?’ அதற்குப் பயந்துதானே மூன்று வாரமாகத் தூசி, தூசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?

முதலில் அந்த அக்காவைப் பற்றி. அவரை வேலையை விட்டு நிறுத்தியது தவறு. அவர் யாருக்காவது நோயைக் கொடுத்திருந்தால், அது நோய் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களில் நடந்திருக்கும். மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். சாதாரணமாக இரண்டு வாரத்துக்குப் பிறகு, மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்னால், அவர் பக்கத்தில் உட்காரப் பயப்படத் தேவையில்லை. இதை உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ 200 காசநோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் ஒற்றை அறையில் பல பேர் படுக்கும் ஏழைகள். வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் வீட்டாரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், சானடோரியத்துக்குப் போனவர்களின் வீட்டாரைவிட இவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் சானடோரியத்தில் வைத்துப் பூட்டும் வழக்கம் உலகமெங்கும் விலகியது. இவ்வளவுக்குப் பிறகும் மாத்திரை சாப்பிடுபவரை வீட்டுக்கு அனுப்பினால், அடுத்து இருமுபவர் அதை மறைக்கத்தான் செய்வார்.

உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, போதிய நாட்களுக்குச் சந்தா பிடித்திருந்தால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். நோய்க்கால உதவி பெறும் நாட்களில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்திலேயே எழுதினார்கள். இது தவிர, சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு உங்கள் வங்கிக் கணக்கில் போடும். நோயை அரசிடம் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். அந்தப் பதிவு கம்பெனிக்குச் சொல்வதற்காக அல்ல.

இனி மகன். தூக்குங்கள், சோறு ஊட்டுங்கள். முடிவு வரும் வரை அவன் அருகில் இருக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், இரவில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கொஞ்சம் தள்ளிப் படுங்கள். உங்களுக்கு நோய் உறுதியானால் அவனையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இது வேகமாக வரும், மூளை வரை போகலாம். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி அந்தக் கடுமையான வகைகளைத் தடுப்பதில் நன்றாக உதவும், முழுக் கவசம் இல்லை. நோய் இல்லை என்று உறுதியான பிறகு, வராமல் தடுக்க எடைக்கேற்ற மாத்திரை கொடுப்பார்கள். அதை ஒரு நாளும் விடக் கூடாது. கணவரும் மாமியாரும் கூட இருந்தால் அவர்களுக்கும் பரிசோதனை உண்டு.

காலையில் ஒரு டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் அதை மாற்றுங்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலைக் கழுவும் கஷாயம் என்று விற்பதற்குக் கொடுக்கும் காசில் முட்டையும் பயறும் வாங்கலாம்.

மருத்துவமனைக்குப் போகும்போது, மெடிக்கலில் வாங்கிய மாத்திரையின் காலி அட்டைகளைக் குப்பையில் தேடியாவது எடுத்துப் போங்கள். எதை, எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று தெரிந்தால்தான், சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்புவது என்று உங்கள் மருத்துவருக்குத் தெரியும்.